மெட்டாபிளேசியா: பயப்பட வேண்டிய வார்த்தையா?

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் நோய்க்குறியியல் மருத்துவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் உங்களோடு பேசுகிறவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே நிற்கும் மருத்துவர்கள். நான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஃபார்மலின் ஊற்றிய சிறு புட்டியில் அவர்களுடைய சதைத்துண்டு ஒன்று என் மேஜைக்கு வரும். அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மிக மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நாலு வரி எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த நாலு வரியில் அடிக்கடி வருகிற ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி இன்று பேசுகிறேன். மெட்டாபிளேசியா என்பது அந்த வார்த்தை.

இதற்காக ஒரு தனி உரை வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வார்த்தையைத் தவறாகப் புரிந்துகொண்டு நிம்மதியை இழந்தவர்கள் உண்டு. வேண்டாத ஆபரேஷனுக்கு ஆளானவர்களும் உண்டு. அதனால்தான் சொல்ல வந்தேன்.

நம் சரீரத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குழாயும் பையும் உட்சவ்வு ஒன்றினால் மூடப்பட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. வாயிலும் உணவுக்குழாயிலும் தட்டையான செல்கள் பல அடுக்காக, ஓடு வேய்ந்ததுபோல் இருக்கின்றன; உரசலையும் சூட்டையும் தாங்க வேண்டிய இடம் அது. மூச்சுக்குழாயில் தூண்போன்ற உயரமான செல்கள். அவற்றின் நுனியில் அசைந்துகொண்டேயிருக்கும் நுண்ணிய மயிரிழைகள். நாம் சுவாசிக்கும் தூசியைச் சளியில் ஒட்டவைத்து மேலே தள்ளிக் கொண்டுவருவது அவைதான். குடலில் உணவை உறிஞ்சும் செல்கள். வேலை எதுவோ அதற்கேற்ற செல்.

இப்படி ஓர் இடத்திற்கென்று அமைந்த சவ்வு, அங்கே ஓயாத தொந்தரவு ஏற்படும்போது மறைந்து, வேறோர் இடத்திற்குரிய சவ்வு அங்கே உண்டாவதைத்தான் மெட்டாபிளேசியா என்கிறோம். ஜெர்மனி தேசத்து மருத்துவ மேதை ருடால்ஃப் விர்கோ, 1884-ஆம் ஆண்டில் இதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் வைத்த பெயர்தான் இன்றும் வழங்குகிறது.

நம் ஊர் விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் விளைந்த வயலில் தண்ணீர் வற்றிவிட்டால், அவர் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போவதில்லை. அடுத்த போகம் சோளமோ கம்போ விதைக்கிறார். நெற்பயிரே சோளப்பயிராக மாறிவிடுவதில்லை. நெல் அறுத்தாயிற்று, அடுத்த விதைப்பு வேறு, அவ்வளவுதான். சவ்விலும் இப்படியே. முதிர்ந்த ஒரு செல் இன்னொரு செல்லாக உருமாறுவதில்லை. அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள், தங்களுக்கு வரும் இரசாயனச் செய்திகள் மாறியதால் அடுத்த தலைமுறையை வேறு வகையாகப் பிறப்பிக்கின்றன. சோளம் வறட்சியைத் தாங்கும். ஆனால் வீட்டில் நெல் இராது. புதிய சவ்வும் அப்படித்தான் தொந்தரவைத் தாங்கும், பழைய சவ்வு செய்த வேலையைச் செய்யாது. தண்ணீர் திரும்ப வந்தால் நெல்லுக்குத் திரும்பலாம் என்பதும் பல இடங்களில் உண்மை.

இன்னொரு விளக்கமும் சொல்லவேண்டும். மருத்துவ ரிப்போர்ட்டுகளில் ‘பிளேசியா’ என்று முடியும் வார்த்தைகள் நான்கைந்து உண்டு. ஹைப்பர்பிளேசியா என்றால் செல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. மெட்டாபிளேசியா என்றால் செல்களின் வகை மாறியிருக்கிறது. ஆனால் ஒழுங்கு கெடவில்லை. டிஸ்பிளேசியா என்றால் ஒழுங்கு கெடத் தொடங்கிவிட்டது, கவனிக்கவேண்டும். நியோபிளேசியா என்றால் கட்டி. அதிலும் சாதாரணக் கட்டி, புற்றுநோய் என்று பிரிவு உண்டு. வால் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு தாயார் தன் ரிப்போர்ட்டை, கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையனிடம் காட்டினார்கள். அவன் அகராதியைப் புரட்டி, இது புற்றுநோய் வகைதான் என்று சொல்லிவிட்டான். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக நகையை அடகு வைத்துவிட்டு, கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுப்போகலாம் என்று எங்களிடம் வந்தார்கள். அந்த ரிப்போர்ட்டில் இருந்தது கர்ப்பப்பை வாயில் மெட்டாபிளேசியா என்பது மட்டுமே. அது அவர்கள் வயதுப் பெண்கள் அநேகமாக எல்லாருக்கும் இருக்கக்கூடியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மூச்சுக்குழாய். பீடி, சிகரெட் புகை வருஷக்கணக்காகப் போகும் குழாயில், மயிரிழையுள்ள தூண் செல்கள் தாக்குப்பிடிக்க மாட்டாமல் போக, அவை இருந்த இடத்தில் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக வந்துவிடுகின்றன. புகையைத் தாங்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தூசியைத் துடைத்துத் தள்ளும் துடைப்பம் போய்விட்டதே! சளி தேங்குகிறது, கிருமி தங்குகிறது. காலையில் எழுந்ததும் இருமி இருமித்தான் அதை வெளியேற்றவேண்டியிருக்கிறது. புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாயில் நாளடைவில் பழைய சவ்வு திரும்ப வளருவதை மைக்ராஸ்கோப்பில் காணலாம். விடாமல் தொடர்ந்தால், சிலருக்கு அந்த மாறிய சவ்விலேயே ஒழுங்கு கெட்டு, புற்றுநோய் முளைக்கிறது. ஆகவே புகைபிடிக்கும் சகோதரர்களிடம், இவ்வளவு வருஷம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பிரயோஜனம் என்று யாராவது சொன்னால் நம்பாதிருங்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்து, குழந்தைகளைப் பற்றியது. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் உட்சவ்வுகள் தங்கள் இயல்பைக் காத்துக்கொள்ள முடியாது. 1925-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் வோல்பாக், ஹோவ் என்ற இருவர், இந்த வைட்டமின் இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய், சிறுநீர்ப் பாதை, சுரப்பிகள், கண் என்று பல இடங்களிலும் ஈரமான சவ்வு போய், தோலைப்போல் காய்ந்த தட்டைச் சவ்வு வந்துவிட்டது. குழந்தையின் கண்ணில் நாம் காண்பதும் அதுவே. மாலையில் பார்வை மங்கும். கண்ணின் வெள்ளைப்பகுதி பளபளப்பு இழந்து காய்ந்துபோகும்; கருவிழியின் பக்கத்தில் சோப்பு நுரைபோல் ஒரு திட்டு படியும். 1863-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அங்கே கண்ணை ஈரமாக வைக்கும் சளிச்செல்கள் மறைந்து, மெட்டாபிளேசியா ஏற்பட்டிருக்கிறது. கவனியாமல் விட்டால் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும்.

கண்ணுக்கு வெளியே தெரிகிறது. மூச்சுக்குழாயிலும் மற்ற சவ்வுகளிலும் நடப்பது நமக்குத் தெரிவதில்லை. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகள் அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் மற்றவர்களைவிட அதிகமாக இறந்துபோவதற்கு, காவல் சவ்வு கெட்டுப்போவதும் ஒரு காரணம். நம் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1990-இல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. நேர்மைக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும்: வட இந்தியாவில் பத்து இலட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் இவ்வளவு பலன் தெரியவில்லை. குறைபாடு எங்கே கடுமையோ அங்கேதான் மருந்தின் பலன் பெரிதாகத் தெரியும் என்று நான் எண்ணுகிறேன். எப்படியானாலும் 9 மாதம் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்திற்கொரு முறை அரசாங்கம் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டு முற்றத்து முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் அற்பமாக எண்ணாதீர்கள்.

வயிற்றுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரைப்பையின் அமிலம் வருஷக்கணக்காக மேலே எதுக்களித்துக்கொண்டிருந்தால், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தட்டைச் சவ்வு போய்க் குடல் சவ்வு வந்துவிடும். இலண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950-இல் எழுதியதன் காரணமாக அவர் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. இதில் புற்றுநோய் வரும் என்று கேட்டுப் பயப்படுகிறவர்கள் அநேகர். டென்மார்க்கில் எடுத்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, இப்படிப்பட்ட 1,000 பேரில் வருஷத்திற்கு ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வருகிறது. ஆகவே கவனிப்பு வேண்டும், கலக்கம் வேண்டாம். இரைப்பையிலேயே குடல் சவ்வு தோன்றுவதற்கு ஹெலிகோபேக்டர் என்ற கிருமி முக்கியக் காரணம். அதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் என்னைப்போல் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு!

இப்போது கர்ப்பப்பை வாய்க்கு வருகிறேன். சபைக் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று ஒரு தாயார் காலையில் என்னிடம் கேட்டார்கள். பேசாததினால்தான் இவ்வளவு பேர் முற்றிய நிலையில் வந்து சேருகிறார்கள் என்று பதில் சொன்னேன். 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே வருஷத்தில் 1,20,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் மரித்தார்கள். சகோதரர்களும் தயவுசெய்து கேளுங்கள். மனைவி பரிசோதனைக்கு வருவதும் வராததும் பல வீடுகளில் உங்கள் வார்த்தையில் இருக்கிறது.

கர்ப்பப்பை வாயின் உட்பகுதியில் ஒரே அடுக்காகத் தூண் செல்கள். வெளிப்பகுதியில் பல அடுக்குத் தட்டைச் செல்கள். பெண்பிள்ளை வயதுக்கு வரும்போதும் முதல் கர்ப்பத்தின்போதும் ஹார்மோன்களால் அந்த வாய் பெருத்து, உட்சவ்வு வெளியே பிதுங்குகிறது. பிறப்புறுப்பின் இயற்கையான அமிலத்தன்மை மெல்லிய தூண் செல்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டைச் செல்கள் வந்து அந்த இடத்தை மூடுகின்றன. இது மெட்டாபிளேசியாதான், ஆனால் வியாதி அல்ல. சகல பெண்களுக்கும் நடக்கும் இயற்கையான மாற்றம். அந்தத் தாயாரின் ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். நகையை மீட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம்.

இந்த மாற்றம் முடியாதிருக்கும்போது, வெளியே பிதுங்கிய உட்சவ்வு கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். ஒரே அடுக்காக இருப்பதால் அடியிலுள்ள இரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரிகின்றன. அதைக் கண்டு, ‘கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, விட்டால் புற்றுநோயாகிவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது’ என்று சொல்லப்பட்டு, முப்பது வயதிலேயே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நம் தேசத்தில் கொஞ்சமல்ல. 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு அது நடந்தது 34 வயதுக்குள்ளே. எல்லாமே தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற ஆபரேஷன்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் எல்லா மாநிலங்களும் இதைக் கண்காணிக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. யாராவது உங்களிடம் ‘புண்’ என்று சொன்னால், பரிசோதனை முடிவு என்ன, பயாப்ஸி எடுத்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அப்படியானால் ஆபத்து எங்கே? புதிதாகத் தோன்றிக்கொண்டிருக்கும் அந்த இளம் சவ்வு, எச்.பி.வி. என்ற வைரஸ் எளிதில் நுழைவதற்கு வாசலாக இருக்கிறது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் அந்த வைரஸ்தான் என்று காட்டிய ஜெர்மானியர் ஹெரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸ் உள்ளே போன எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷங்களில் சரீரமே அதை விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அவர்களிலும் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து வருஷத்திற்கு மேலாகிறது. பத்து வருஷம் என்பது எவ்வளவு பெரிய தவணை! மைக்ராஸ்கோப்பில் நான் பார்க்கும் வியாதிகளில் இவ்வளவு நீண்ட தவணை கொடுக்கிறவை மிகக் குறைவு.

அந்தத் தவணைக்குள் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு நர்ஸ், ஒரு ஸ்பெகுலம், நல்ல வெளிச்சம், பஞ்சு, 3 முதல் 5 சதவீதம் அசெட்டிக் அமிலம். ஏறத்தாழ வீட்டில் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் காரம்தான். அதைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், ஒழுங்கு கெட்ட செல்கள் இருக்கும் இடம் அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். இளம் மெட்டாபிளேசியாவும் வெளுக்கும். ஆனால் மங்கலாக, சீக்கிரம் மறையும். இரண்டையும் பிரித்தறிய நர்ஸுக்கு நல்ல பயிற்சி வேண்டும். ‘தண்ணீரைத் தடவிப் பார்ப்பதற்கு இத்தனை நாள் பயிற்சியா’ என்று நம் நிர்வாகக் குழுவில் ஒருமுறை கேட்டார்கள். இத்தனை நாள் வேண்டும், ஐயா.

இதன் பலன் நிரூபிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார நிலையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். பரிசோதனைக்கென்று குறிக்கப்பட்ட ஊர்களில் 49,000 பேரில் 31,000-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகளே பார்த்தார்கள். வெள்ளைத்திட்டு தெரிந்தவர்களுக்கு அன்றைக்கே பயாப்ஸி எடுத்து, தகுந்தவர்களுக்கு அங்கேயே குளிர் சிகிச்சை கொடுத்து, உறைய வைத்து அழித்தார்கள். இரண்டாம் முறை பஸ் ஏறி வா என்று சொல்லவில்லை. வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2007-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் புற்றுநோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் வரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. ஆயுசில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே இந்தப் பலன்! 30 வயதுகளில் இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

மாதவிடாய் நின்றபின் இந்தப் பகுதி உள்ளே சுருங்கிவிடுவதால், வயதானவர்களுக்கு வினிகர் பரிசோதனை அவ்வளவு சரிவராது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் வைரஸையே நேரடியாகக் கண்டுபிடிக்கும் எச்.பி.வி. பரிசோதனையை முதலாவதாகச் சிபாரிசு செய்கிறது. அதில் விசேஷம் என்னவென்றால், பெண் தானே மறைவில் போய் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். வெட்கத்தினால் வராதவர்களுக்கு இது பெரிய உதவி. செலவு அதிகம் என்பதுதான் குறை. அது கிடைக்காத ஊரில் மூன்று வருஷத்திற்கொரு முறை வினிகர் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி நேரத்தில் மூன்று கேள்விகள் வந்தன. அவற்றையும் சேர்த்துவிடுகிறேன்.

‘டாக்டரம்மா, தடுப்பூசி போட்டால் போதாதா?’ என்று ஒரு சகோதரி கேட்டார்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். ஏனென்றால் வைரஸ் அந்த இளம் சவ்வைத் தொடுவதற்கு முன்பே எதிர்ப்புச் சக்தி இருக்கவேண்டும். பூனாவிலேயே தயாரிக்கப்படும் தடுப்பூசி ஒன்று 2023-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. ஆகவே போட்டுக்கொண்ட பிள்ளைகளும் 30 வயதானபின் பரிசோதனைக்கு வரவேண்டும்.

‘வலிக்குமா?’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இலேசான எரிச்சல் இருக்கும். ஐந்து நிமிஷத்தில் எழுந்து போகலாம்.

‘மெட்டாபிளேசியா என்று ரிப்போர்ட் வந்தால் கடைசியாக என்னதான் செய்வது?’ என்று ஒரு போதகர் ஐயா கேட்டார்கள். எந்த அவயவத்தில் என்று பாருங்கள். பக்கத்தில் டிஸ்பிளேசியா என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் என்ன, அதை நிறுத்தமுடியுமா, மறுபடி எப்போது பார்க்கவேண்டும் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு, ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அடுத்த முறை நான் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.